எட்டு நாள் வாரம்

ஜெஸ்ஸியின் வக்கீல் ஏசுபாதம் ஒரு பட்டியல் தயார் செய்திருந்தார். பதினோரு மாதத்தில் இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். அவற்றில் ஒன்பதில் சதாசிவம் மகளைப் பார்க்க வரவில்லை.

“இது போதும்மா,” என்றார். “வர்ற வியாழக்கிழமை இதை வெச்சே முடிச்சிடலாம். பெத்த பொண்ணைப் பாக்க வராதவனுக்குக் கோர்ட்டு இன்னாத்துக்கு ஞாயித்துக்கிழமை குடுக்கணும்?”

ஜெஸ்ஸி பட்டியலில் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதை நான்காக மடித்து யூனிஃபார்ம் பையில் வைத்தாள்.

அவள் செங்கல்பட்டில் ஸ்டாஃப் நர்ஸ். சதாசிவம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெரிய காரணம் ஒன்றுமில்லை, சின்னக் காரணங்கள் நிறைய. ஒருவர் தூங்கும்போது மற்றவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகும் வீடாக அது இருந்தது. கடைசியில் ஒருநாள் ஜெஸ்ஸி மகளோடு கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். அப்புறம் திரும்பிப் போகவில்லை.

மகள் சஹானா மூன்றாம் வகுப்பு. அவள் யாரிடம் இருப்பது என்பதுதான் வழக்கு. தொண்ணூற்றொன்பது ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது. பெண் தாயிடம் இருக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை தகப்பன் அழைத்துப் போகலாம். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஜெஸ்ஸி ஜெயித்த மாதிரிதான். ஆனால் அவளுக்கு மாதத்தில் ஏழு நாள் நைட் டியூட்டி. அந்த ஏழு இரவும் சஹானா வீட்டுக்காரம்மா பாப்பா என்பவளின் ஹாலில், டிவிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். வீட்டுக்காரம்மா நல்லவள்தான். ஆனாலும் டிவி பதினொரு மணி வரை ஓடும். அக்டோபரில் சஹானாவுக்குக் காய்ச்சல் கண்டபோது, ஜெஸ்ஸி யார் யாருடைய பிள்ளைகளுக்கோ ஜுரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெண்ணுக்கு எவ்வளவு என்று காலையில்தான் தெரிந்தது. நூற்றிமூன்று.

“அப்பா அம்மா ரெண்டு பேரும் உயிரோட கீறப்ப, பொண்ணு மூணாவது வூட்ல படுக்குது,” என்றாள் மேரி. மேரி ஹெட் நர்ஸ். டியூட்டி சார்ட் போடுகிறவள். மனதில் பட்டதை அப்படியே சொல்வாள்.

மதியம் இரண்டு மணிக்கு வார்டு அடங்கும். ஜெஸ்ஸி பட்டியலை விரித்து வைத்தாள். ஜனவரி பதினேழு. மார்ச் ஏழு. மார்ச் இருபத்தொன்று. மே இரண்டு. மே பதினாறு. வராத நாட்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டிரண்டாக இருந்தன. சோம்பேறி இப்படி ஒழுங்காக வராமல் இருக்க மாட்டான்.

மெடிக்கல் ரெப் கொடுத்த காலண்டரை ஆணியிலிருந்து எடுத்தாள்.

சதாசிவத்தின் ஷிப்ட் அவளுக்கு மனப்பாடம். இரண்டு நாள் காலை, ஆறிலிருந்து இரண்டு வரை. இரண்டு நாள் மாலை, இரண்டிலிருந்து பத்து வரை. இரண்டு நாள் இரவு. அப்புறம் இரண்டு நாள் ஓய்வு. மறுபடி காலை. தீபாவளி, பொங்கல் எதற்கும் அந்தச் சக்கரம் நிற்காது. ஊருக்கெல்லாம் வாரம் ஏழு நாள், அவனுக்கு எட்டு நாள். ஒரு நாள் தெரிந்தால் போதும், அவனுடைய அடுத்த பத்து வருஷத்தையும் எழுதிவிடலாம்.

அவளுக்கு ஒரு நாள் தெரியும். அவள் வீட்டை விட்டு வந்த அன்று அவனுக்கு மாலை ஷிப்டின் முதல் நாள். அதை மறக்க வழியில்லை.

அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். வார்டில் பகல் குறிப்பை நீல மையிலும் இரவுக் குறிப்பைச் சிவப்பு மையிலும் எழுதுவது வழக்கம். அவனுடைய காலை ஷிப்டுக்கும் ஓய்வுக்கும் நீலம், மாலைக்கும் இரவுக்கும் சிவப்பு. பன்னிரண்டு மாதமும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

அவன் வராத ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளும் காலை ஷிப்டிலோ மாலை ஷிப்டிலோ விழுந்திருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஜூன் ஆறாம் தேதி அவன் சஹானாவை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போய், கடற்கரையில் தூங்கிவிட்டான். பெண் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் மணலில் கிணறு தோண்டியது. ‘குழந்தையைக் கடலோரத்தில் விட்டுவிட்டு உறங்கினார்’ என்று ஏசுபாதம் அதை மனுவில் சேர்த்திருந்தார். ஜெஸ்ஸி காலண்டரைப் பார்த்தாள். அன்று காலை ஆறு மணிக்குத்தான் அவன் இரவு ஷிப்ட் முடிந்திருக்கிறது. குளித்துவிட்டு நேரே பஸ் ஏறியிருக்கிறான். நைட் முடித்த உடம்பு வெயிலில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நர்ஸுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஒரே ஒரு தேதி இடித்தது. ஜூலை பதினெட்டு. கணக்குப்படி அன்று அவனுக்குக் காலை ஷிப்ட். ஆனால் வந்திருக்கிறான். மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். கணக்கில் பிழையில்லை.

அதை விட்டுவிட்டு, வரப்போகும் மாதங்களை எண்ணினாள். இரண்டு ஓய்வு நாள், அடுத்து இரண்டு காலை ஷிப்ட். ஆக, எட்டு நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து நான்கு இரவு அவன் வீட்டில் இருப்பான். அவளுடைய நைட் ஏழு. ஏழை நான்காகவும் மூன்றாகவும் பிரிக்கலாம்.

மேரியிடம் காலண்டரை நீட்டினாள். “ஏழு நைட்டையும் ஒரே முட்டா போடாம, இந்தத் தேதிங்கள்ல நாலும் மூணுமா போட முடியுமாக்கா?”

“போடலாம். எவளும் நைட்ட ஒடைக்கச் சொல்லி வர்றதில்ல. நீ கேட்டா போடறேன்.” மேரி காலண்டரைத் திருப்பிப் பார்த்தாள். “இத்த கோர்ட்டுல காட்டப் போறியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மாசம் ஏழு ராத்திரி நான் வூட்ல இல்லன்னு நீயே எழுதிக் குடுக்கற. பொண்ண அவன் தூக்கினு போயிடுவான்.”

“அவருக்கும் பாதி ராத்திரி வூடு இல்லக்கா.”

“அத்த அவன் சொல்லணுமே.”

ஏசுபாதமும் அதையேதான் சொன்னார், வேறு விதமாக. “நைட் டியூட்டின்ற வார்த்தையே உங்க வாயில வரக் கூடாது. அவங்க மனுவில அதைத்தான் பிடிச்சிக்கினு தொங்கறாங்க.”

“நம்ம மனுவிலயும் அவரு நைட் ஷிப்டுன்னு எழுதியிருக்கீங்க.”

“அது வேற, இது வேறம்மா.”

“ஒரே பாரா சார். பேரை மட்டும் மாத்தியிருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். சதாசிவம் எதிர்ப்பக்கம் நின்றான். இளைத்திருந்தான். கண் சிவந்திருந்தது. காலண்டர் கணக்குப்படி நேற்று அவனுக்கு நைட். சரிதான்.

ஏசுபாதம் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். சதாசிவத்தின் வக்கீல் லக்ஷ்மிநாராயணன் எழுந்து, தாயின் நைட் டியூட்டியைப் பற்றிச் சொன்னார். நீதிபதி இரண்டையும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். இடைக்கால உத்தரவையே நிரந்தரமாக்கிவிடப் போகிறார் என்பது தெரிந்தது. ஏசுபாதம் கேஸ் கட்டை மூடினார்.

“அய்யா, நான் பேசலாங்களா?” என்றாள் ஜெஸ்ஸி.

ஏசுபாதம் திரும்பிப் பார்த்தார். நீதிபதி பேனாவை வைத்தார்.

“உங்களுக்குச் சாதகமாத்தாம்மா எழுதப் போறேன்.”

“தெரியுங்கய்யா. ஆனா அது நடக்காதுங்க.” காலண்டரைக் கொடுத்தாள். “அவரு வராத ஒன்பது நாளும் அவரு டியூட்டியில இருந்தாரு. இந்த ஞாயித்துக்கிழமை உத்தரவு இருக்கற வரைக்கும் பாதி நாள் அப்படித்தான் ஆகும். எனக்கு மாசம் ஏழு நைட். அந்த ஏழு நைட்டும் பொண்ணு வீட்டுக்காரம்மா வீட்ல படுக்குது. நீல மை போட்டிருக்கற ராத்திரியெல்லாம் அவரு வீட்ல இருப்பாரு. என் நைட்டை அதுல மாத்திக்க ஆஸ்பத்திரியில சம்மதம் வாங்கிட்டேன். அந்த ராத்திரிங்கள்ல பொண்ணு அவங்க அப்பா கிட்ட இருக்கட்டும். மத்த நாள் என்கிட்ட.”

லக்ஷ்மிநாராயணன் எழுந்துவிட்டார். இப்படி ஒரு வாய்ப்பு அவருக்குத் தினமும் வாய்ப்பதில்லை. “அய்யா, தாயே ஒத்துக்கறாங்க, மாசத்துல ஏழு ராத்திரி பொண்ணை அடுத்தவங்க வீட்ல விட்டிருக்காங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பொண்ணைத் தகப்பன் கிட்டயே ஒப்படைக்கணும்.”

ஜெஸ்ஸி அவரைப் பார்க்கவில்லை. சதாசிவத்தைப் பார்த்தாள். அவள் தன் கணக்கை முன்னால் வைத்தாகிவிட்டது. இனி அவன் முறை.

நீதிபதி காலண்டரை அவனிடம் அனுப்பினார். “இது உங்க ஷிப்ட்தானா?”

சதாசிவம் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தான். ஷிப்ட் ஆட்கள் எல்லாருடைய பர்ஸிலும் அந்தச் சின்ன அட்டை இருக்கும். லக்ஷ்மிநாராயணன் அவன் முழங்கையைத் தொட்டார். அவன் கையை நகர்த்திக்கொண்டான். அட்டையையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாகப் பார்த்தான். கோர்ட்டு காத்திருந்தது.

“எல்லாம் சரிதாங்கய்யா. இந்த ஜூலை பதினெட்டு மட்டும் இல்ல. அன்னிக்கு மியூச்சுவல் போட்டேன். கூட வேலை பாக்கறவர் கிட்ட ஷிப்டை மாத்திக்கிறது.”

“என்ன விசேஷம் அன்னிக்கு?”

“விசேஷம் ஒண்ணுமில்லைங்க. அதுக்கு முந்தின தடவையும் போக முடியல.”

ஜெஸ்ஸி காலண்டரில் அந்தக் கட்டத்தை நினைத்துக்கொண்டாள்.

“உங்க வக்கீல் பொண்ணு முழுக்க உங்க கிட்டயே இருக்கணும்னு கேக்கறார்,” என்றார் நீதிபதி. “நீங்க என்ன சொல்றீங்க?”

அவன் ஒன்றரை வருடம் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அட்டையைப் பர்ஸில் திரும்ப வைத்தான்.

“செவப்பு மை போட்ட நாளையும் பாக்கணும்ங்கய்யா. மாசத்துல பாதி ராத்திரி எனக்கு வேலை. அப்ப பொண்ணு எங்க வீட்டுப் பக்கத்துல யார் வீட்லயாவது படுக்கணும். அதுக்கு இது தேவலை.”

லக்ஷ்மிநாராயணன் உட்கார்ந்தார்.

நீதிபதி லேசில் விடுகிறவர் இல்லை. “ராத்திரி சரி. காலை ஷிப்ட் அன்னிக்கு ஆறு மணிக்கு நீங்க வேலையில இருக்கணும். பொண்ணுக்கு ஸ்கூல் செங்கல்பட்டுல. யார் அனுப்புவாங்க?”

ஜெஸ்ஸிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரவையெல்லாம் கணக்குப் போட்டவள், விடிவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நர்ஸுக்கு விடிந்தால் வேலை முடிந்தது.

“பக்கத்து குவார்ட்டர்ஸ்ல ஞானம்பாள் டீச்சர் இருக்காங்க,” என்றான் சதாசிவம். “சஹானா படிக்கற ஸ்கூல்லதான் வேலை. தினம் ஆறே முக்கால் பஸ்ல செங்கல்பட்டு வர்றாங்க. நான் அஞ்சரைக்கு அவங்க வீட்ல விட்டா, சாப்பாடு கொடுத்துக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க.”

“எப்பக் கேட்டீங்க?”

“போன வருஷமே கேட்டு வெச்சாச்சுங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “போன வருஷமே அவங்க கிட்ட கேட்ட நீங்க, இவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு இந்தக் கட்டு மிச்சம்.”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். சதாசிவம் சிரிக்கவில்லை. “அப்ப கேக்கற மாதிரி இல்லைங்க,” என்றான். அது உண்மை.

உத்தரவு எழுத அரை மணி நேரம் ஆனது. பெண் தாயிடம். தாய்க்கு இரவுப் பணி உள்ள நாட்களில் தகப்பனிடம். ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதிக்குள் இருவரும் நேரில் சந்தித்து, அடுத்த மாதத்துக்கான அட்டவணையைச் சேர்ந்து எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போகாத மாதத்தில் பழைய ஞாயிற்றுக்கிழமைகளே செல்லும்.

பெஞ்ச் கிளார்க் முனிசாமி எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டுத் தயங்கினார். “கிழமை ஒண்ணும் போடலீங்களே அய்யா.”

“போட முடியாதுய்யா,” என்றார் நீதிபதி. “அடுத்த கேஸைக் கூப்பிடு.”

வெளியே வந்ததும் ஏசுபாதம் பட்டியலைக் கிழித்துக் குப்பையில் போட்டார். “என் சர்வீஸ்ல கட்சிக்காரங்க பொய் சொல்லித்தான் பாத்திருக்கேன்,” என்றார். கோபமா பாராட்டா என்று அவருக்கே தெரியவில்லை.

ஜனவரி இருபத்துநாலாம் தேதி, திங்கட்கிழமை. ஸ்கூல் விட்டதும் ஜெஸ்ஸி சஹானாவை அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் இறங்கினாள். செங்கல்பட்டுக்கும் கல்பாக்கத்துக்கும் அதுதான் பாதி வழி. சதாசிவம் டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தான். மூன்று பேருக்கும் போண்டா வந்தது. ஜெஸ்ஸி பிப்ரவரி மாதத்தை விரித்தாள்.

முதல் நான்கு நைட் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. பொருந்தியது. அடுத்த மூன்று பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.

“இருபத்தொண்ணு இடிக்குது,” என்றான் சதாசிவம். “எனக்கு மாலை ஷிப்ட். மியூச்சுவல் கேட்டுப் பாக்கறேன்.”

“வேணாம். மேரியக்கா ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கு. நான் பேசிக்கறேன். பதினெட்டுல ஆரம்பிச்சா சரியாயிடும். உங்க மியூச்சுவலைக் கையில வெச்சிருங்க, எப்பவாவது ஒதவும்.”

அவன் தலையாட்டினான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இரண்டு தாளிலும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளுடைய தாளில் போண்டா எண்ணெய் பட்டது.

“டீச்சர் வூட்ல இட்லியா, உப்புமாவா?” என்று ஜெஸ்ஸி மகளைக் கேட்டாள்.

“உப்புமா. நான் தட்டு ஓரமா ஒளிச்சு வைப்பேன், டீச்சர் கண்டுபிடிச்சிடுவாங்க.”

“நல்லா வேணும்.”

ஐந்தே காலுக்கு இரண்டு பக்கமும் பஸ் வந்து நின்றது. சஹானா தாளைப் பார்த்தாள். ஜனவரித் தாள், அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் மடித்து வைத்தது. இருபத்துநாலிலிருந்து இருபத்தேழு வரை நீலம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்பாக்கம் பஸ் பக்கம் நடந்தாள். சதாசிவம் அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

ஜெஸ்ஸி செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஏழரைக்கு டியூட்டி. நைட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் தூங்க வேண்டும் என்பது நர்ஸ்களின் பாடம். போன வருஷம் முழுக்க அது அவளுக்கு வாய்க்கவில்லை. டிக்கெட் வாங்கிச் சில்லறையைப் பைக்குள் போட்டாள். முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

செங்கல்பட்டில் கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.