சூடு ஆறுவதற்குள்

மேடை ஏறப் போகிறவள் மனைவி. வியர்த்துக் கொட்டியது என்னவோ கணவனுக்கு.

ஒரு வாரமாக வீட்டில் இதே பாட்டுத்தான். அடுப்படியில் நின்று ஒரு தடவை, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை, தலையைப் பின்னிக்கொண்டே ஒரு தடவை என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில், அந்த நன்றியுரை அவளைவிட அவனுக்கு நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது. இப்போது மூன்றாவது வரிசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நான்காக மடித்த தாளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கை நடுங்குதுங்க" என்றாள். "நடுங்கட்டும், குரல் நடுங்காம இருந்தா சரி" என்றான். அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

அவன் பதினோரு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். பின்னால் படுத்திருப்பவருக்குக் குலுங்காமல் ஓட்டுவான் என்று கூட வேலை செய்கிறவர்கள் 'நிதானம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். விழாவை நடத்தியது ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவுகிற ஓர் அறக்கட்டளை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல காரியம்தான் செய்தார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கி முதுகு போனவர்களுக்கு வைத்தியம், வேலையில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு, வீட்டுப் பெண்களுக்குத் தையல் வேலை என்று எத்தனையோ. ஆனால் நல்லது செய்கிறவர்களுக்கும் மைக்கைக் கண்டால் ஒரு கிறுக்குப் பிடித்துவிடுகிறது. முன்வரிசையில் சோபா போட்டு நன்கொடை தருகிறவர்களை உட்கார வைத்தாயிற்று. அவர்கள் கண் கலங்காமல் வீடு போய்விடக் கூடாது என்பதில் செயலாளர் அம்மா குறியாக இருந்தார்.

"அடுத்து, நம்ம மனம்விட்டுப் பேசும் அறையை நடத்துறவர் சில வார்த்தை பேசுவார்" என்று அவர் அறிவித்ததும் எழுந்து போனது பஞ்சு.

பஞ்சு ஒரு காலத்தில் அவனோடு அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்து முதலுதவி பார்த்தவன். சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றிலும் பஞ்சைத் திணித்து வைத்திருந்ததால் அந்தப் பெயர். முதுகு வலி வந்து வண்டியை விட்டபின் அறக்கட்டளை அவனுக்குப் பயிற்சி கொடுத்து, அலுவலகத்தின் பின்கட்டில் ஓர் அறையையும் கொடுத்தது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டை. சுவரில் பஞ்சு தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகை: 'இங்கே சொன்னது இங்கேயே இருக்கும்.'

அந்தப் பலகையை நம்பித்தான் அவன் ஆறு மாதத்துக்கு முன் வாயைத் திறந்தான்.

சொன்னது இதுதான். ஒரு நோயாளியை மருத்துவமனையில் இறக்கிவிட்டால் வண்டியின் உட்புறத்தை மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். அதற்கென்று ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் 'சுத்தம்' என்று ஒரு பட்டன். அமுக்கினால் பதினைந்து நிமிஷத்துக்குக் கட்டுப்பாட்டு அறை அந்த வண்டியைக் கூப்பிடாது. துடைக்க ஐந்து நிமிஷம் போதும். மீதிப் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுக்கொள்வார்கள். இல்லையென்றால் அந்த வேலையில் சோற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. "கழுவியாச்சா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். சில நாள் துடைக்க எதுவுமே இருக்காது, அப்போதும் அமுக்குவார்கள். இந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே பஞ்சுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவன் அப்படித்தான் அமுக்கினான். துடைக்க எதுவும் இல்லாத நாள் அது. மனைவி தினமும் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள் ஒரு சீட்டு வைப்பாள். அன்றைக்கு, 'இன்னைக்காவது சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க' என்று எழுதியிருந்தாள். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டான். ரசித்துச் சாப்பிட்டான். பட்டனை விடுவித்ததும் வயர்லெஸ்ஸில் பேச்சு கேட்டது. இரண்டு தெரு தள்ளி இருந்த அச்சகத்தில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். பக்கத்தில் வண்டி இல்லாததால் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த அச்சகத்தில்தான் அவன் மச்சான் வேலை செய்தான், மனைவியின் ஒரே தம்பி. சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. விழுந்தடித்துக்கொண்டு ஓட்டிப் போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கி மடியில் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மனைவி கேட்டாள். "நீங்க எங்க இருந்தீங்க?"

"வேற கேஸ்ல இருந்தேன்" என்றான். வாயில் அதுதான் வந்தது. வந்த பொய்யை மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவளும் அவள் அம்மாவும் அதற்கப்புறம் எத்தனை நாள் மண்ணை வாரித் தூற்றினார்கள்! "பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வர்றானுங்களே, இந்தப் பக்கம் இருந்தவனுங்க எங்க போய்த் தொலைஞ்சானுங்க?" அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான். பாவி, தலையாட்டினான்.

அதன்பின் வேலையிடத்தில் அவனுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. டப்பாவை ஆஸ்பத்திரிக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டுக் காலி டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போவான். சீட்டுகள் மட்டும் சட்டைப் பையில் சேர்ந்தன. பட்டனைத் தொட்டால் விரல் நடுங்கியது. பஞ்சுவிடம் போய்க் கொட்டித் தீர்த்தான். பஞ்சுவும் கூட அழுதான். "இது நம்ம ரெண்டு பேரோட போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது அதே கையில் மைக் இருந்தது.

"ஒரு ஓட்டுநர். பேர் வேண்டாம்" என்று பஞ்சு ஆரம்பித்தான். பஞ்சு அடக்கமான குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ஒரு மத்தியானம், பசி, ஒரு பட்டன். அச்சகத்தைப் பட்டறை ஆக்கியிருந்தான், மச்சானை அத்தை மகன் ஆக்கியிருந்தான். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவனைக் கதையிலிருந்தே தூக்கியிருந்தான். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் மனைவியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவங்க அந்த ஆள்" என்றாள்.

தப்பித்தோம் என்று அவன் நினைத்தான். உண்மையிலேயே நினைத்தான்.

"ஐயா, அம்மா, அந்த டப்பாவைத் திறந்தா மூடிக்குள்ள ஒரு சீட்டு. வீட்டம்மா எழுதினது." பஞ்சு நிறுத்தினான். "'இன்னைக்காவது சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க.'"

முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். அவன் முழங்கை மேல் இருந்த மனைவியின் கை எழுந்து, அவள் மடிக்குப் போனது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

கைதட்டல் ஓய்வதற்குள் பஞ்சு இறங்கி வந்து பின்வரிசையில் உட்கார்ந்து அவன் தோளைத் தட்டினான். அவன் தலையைத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"என்னடா பண்ணிட்ட?"

"பேரைச் சொல்லலையேடா. எல்லாத்தையும் மாத்திட்டேன்ல?"

"சீட்டு?"

பஞ்சு ஒரு கணம் விழித்தான். பிறகு அவன் பார்வை அவளுடைய பின்னலுக்குப் போனது. முகம் சுண்டிப்போயிற்று. "அது... அது நல்லா இருந்துச்சு, நிதானம். அதான் விட மனசு வரல."

நல்லா இருந்துச்சாம்! பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் ரத்த வெள்ளத்தில் கிடந்தபடி அவனைத் திட்டியிருக்கிறார்கள், ஒருத்தன் அறைந்துகூட இருக்கிறான். எதுவும் இப்படி வலித்ததில்லை. நம்பி உட்கார்ந்த நாற்காலியை நண்பனே இழுத்துவிட்டான், அதுவும் கைதட்டலுக்காக. சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்று கை பரபரத்தது. ஆனால் உலுக்கினால் கதையில் வந்த ஓட்டுநர் யார் என்று மண்டபத்துக்கே தெரிந்துவிடும். அதையும் யோசித்துத்தான் சும்மா இருந்தான். பயந்த பிழைப்பு.

அதற்குள் அவளை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் போனாள். தாளைப் பிரித்தாள். கை நடுங்கவில்லை, குரலும் நடுங்கவில்லை. அறக்கட்டளைக்கு வணக்கம் சொன்னாள். கணவனின் முதுகுக்கு வைத்தியம் பார்த்ததற்கு, தனக்குத் தையல் வேலை கொடுத்ததற்கு நன்றி சொன்னாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் தம்பி மூச்சுத் திணறி இறந்துட்டான். கடைசியா அவனை மடியில தாங்கினவர் என் வீட்டுக்காரர்." அடுத்த வரி அவனுக்குத் தெரியும். 'அன்னைக்கு அவர் இன்னொரு உயிரைக் காப்பாத்திட்டு இருந்தார், அதனால எனக்கு வருத்தம் இல்லை.' வீட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவான்.

அவள் தாளைப் பார்த்தாள். அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்தாள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மண்டபம் கைதட்டியது.

பந்திக்கு எல்லோரும் எழுந்தபோது பஞ்சு குறுக்கே வந்தான். "தங்கச்சி, நான் வந்து..."

"அண்ணே" என்றாள் அவள். "உங்க ரூம்ல ஒரு போர்டு மாட்டியிருக்கீங்களாமே. அதைக் கழட்டிடுங்க." அவ்வளவுதான். சாப்பிடாமல் வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. பக்கத்தில் யாரும் இல்லை. "நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தான்.

"டப்பா" என்றாள்.

"என்ன?"

"தம்பி போன அன்னைக்குச் சாயங்காலம் உங்க பையைத் திறந்தேன். டப்பா காலியா இருந்துச்சு. தேச்சுக் கழுவி வெச்சிருந்தீங்க. அவ்வளவு அழுகையிலும், இந்த மனுஷன் என் வேலையைக் குறைக்கணும்னு இதைக் கழுவியிருக்காரேன்னு நினைச்சேன். கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்துச்சு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "சாப்பிட்டது தப்பில்ல. பசிச்சா யாரும் சாப்பிடத்தான் செய்வாங்க, நான்தான் சாப்பிடச் சொன்னேன். ஆனா நான் மண்ணை வாரித் தூத்துறப்போ பக்கத்துல உக்காந்து தலையாட்டினீங்களே. என்னை வெச்சே உங்களைத் திட்ட வெச்சுட்டு, எங்கிட்டயே ஆறுதல் வாங்கிக்கிட்டீங்களே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

முதுகில் குத்தினான், முதுகில் குத்தினான் என்று பஞ்சுவை மனசுக்குள் சபித்துக்கொண்டே வந்தவனுக்கு, இவள் முதுகு அப்போதுதான் கண்ணில் பட்டது.

பஸ் வந்தது. அவள் ஏறி, வீட்டுக்கு இல்லை, அம்மா வீட்டு நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். அவனுக்குப் புரிந்தது. "இன்னைக்கே வேணுமா?" என்று கெஞ்சலாகக் கேட்டான்.

"ரெண்டு வருஷமா அம்மா தினமும் அந்த வண்டிக்காரனைச் சபிக்குது. யாரைச் சபிக்கிறோம்னு அதுக்குத் தெரிய வேண்டாமா? நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரு ஓட்டுநர், ஒரு பட்டன்னு கதை சொல்லாதீங்க. பேரோட சொல்லுங்க."

மாடிப்படி ஏறும்போது அவள் இரண்டு படி பின்னால் வந்தாள். மணியை அவன்தான் அடிக்க வேண்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். பட்டனில் விரலை வைத்தான். அமுக்கினான்.

உள்ளே செருப்பு தேய்கிற சத்தம். கதவைத் திறந்த மாமியாரின் முகம் அவனைப் பார்த்ததும் மலர்ந்தது. மகன் போனபின் அந்த முகம் மலர்வது அவனைப் பார்க்கும்போது மட்டும்தான். பின்னால் நின்ற மகளைக்கூட அவர் இன்னும் கவனிக்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளை, என்ன இந்த வெயில்ல? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு." கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "மொதல்ல சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?"