மணிக்குப் பதினான்கு டாலர்

ஆலையை மூடிவிட்டுக் கூலி குறைவான தென் மாநிலங்களுக்குப் போய்விடுவோம் என்று கம்பெனி மிரட்டிய குளிர்காலம் அது. இண்டியானாவின் அந்தச் சிற்றூரில் தொழிற்சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. லாரிகளுக்கு ஆக்சில் செய்யும் ஆலை; மணிக்கு இருபத்தெட்டு டாலர் கூலி. சுற்றுவட்டாரத்தில் அதற்கு ஈடான வேலை கிடையாது. கடைசியில் கம்பெனி ஒரு வழி சொன்னது. இப்போது இருப்பவர்களின் கூலியில் கை வைக்க மாட்டோம். இனிமேல் சேர்கிறவர்களுக்குப் பதினான்குதான்.

கூடத்தில் முணுமுணுப்பு. பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்த லாயிட் கிரேபில் எழுந்து நின்றார்.

"நாளைக்கு வரப்போற எவனுக்காகவோ இன்னைக்கு நம்ம அடுப்புல நாமளே தண்ணி ஊத்திக்கணுமா? அவன் யாருன்னே தெரியாது. நமக்கு வீட்டுக் கடன் இருக்கு, பிள்ளைங்க இருக்கு. கையைத் தூக்குங்கப்பா!"

கைதட்டலோடு ஒப்பந்தம் நிறைவேறியது.

மூன்றாம் வருடம் பக்கத்து மாவட்டத்துக் காகித ஆலை மூடப்பட்டது. லாயிட்டின் தம்பி டேல் அங்கே இருபது வருடம் உழைத்தவன். நாற்பத்தொரு வயதில் வேலை தேடி அலைந்தான். லாயிட்டே ஆலையில் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டார்.

"கூலி எப்படி?" என்று கேட்டான் டேல்.

"புதுசா வர்றவங்களுக்குக் கொஞ்சம் கம்மி. போகப் போக ஏறும்டா."

ஏறாது என்று அவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் அந்தப் பதினான்கு டாலர் வரியை எழுதிய மேசையருகே அவரும்தான் உட்கார்ந்திருந்தார்.

அண்ணனும் தம்பியும் ஒரே இயந்திரத்தில் நின்றார்கள். வேலை பழகிய இரண்டே மாதத்தில் டேல் அண்ணனை மிஞ்சினான். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், பக்கத்து இயந்திரத்து ஆர்வில் வாய் நிறைய ரொட்டியோடு சொன்னார்:

"ஒரே வேலை, ஒரே வேர்வை. ஆனா தம்பி மட்டும் பாதி விலைக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். டேலும் சிரித்தான்.

"நீயும் சிரிக்கிறியா?" என்றார் ஆர்வில். "இந்தப் பதினாலுக்கு அன்னைக்குக் கையைத் தூக்கச் சொல்லிக் கைதட்டல் வாங்கினதே உங்க அண்ணன்தான்ப்பா."

டேல் சாப்பாட்டை டப்பாவில் திரும்ப வைத்து மூடினான்.

வேலை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அண்ணனை மறித்தான்.

"ஆர்வில் சொன்னது நெஜமா, லாயிட்?"

"நீ வருவேன்னு அப்போ எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா?"

"எதிர்த்திருப்பேன். சத்தியமா."

"அப்போ வேற எவனோட தம்பியா இருந்திருந்தா பரவாயில்ல. அப்படித்தானே?"

லாயிட் பையில் கார்ச் சாவியைத் தேடினார்.

அடுத்த ஒப்பந்தக் கூட்டத்தில் அவர் மறுபடி எழுந்தார். பழைய ஆட்கள் ஆளுக்கு இரண்டு டாலர் விட்டுக்கொடுத்தால் புதியவர்களின் கூலியை உயர்த்தலாம் என்றார்.

"உன் தம்பி வந்தப்புறம்தான் உனக்கு ஞானம் பொறந்துச்சோ?" பின்வரிசையில் இருந்து ஆர்வில் கேட்டார். கூடமே சிரித்தது. அறுபத்தொரு கைகள் ஆதரவாக, இருநூற்றுப் பன்னிரண்டு எதிராக. டேல் அன்று வரவில்லை. வீட்டுக் கடனைக் கட்ட, மாலையில் ஒரு கடையில் சாமான் அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அந்த இலையுதிர்காலத்தில் டேல் வீட்டை விற்றுவிட்டு டெக்ஸஸ் கிளம்பினான். அங்கே ஒரு ரசாயன ஆலையில் மணிக்குப் பத்தொன்பது டாலர் தருகிறார்களாம். வண்டியில் சாமான் ஏற்ற லாயிட் போனார். டேலின் மனைவி ரோண்டா காப்பி கொடுத்தாள். முகம் பார்த்துப் பேசவில்லை. கட்டிலின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையைத் தம்பியுமாகப் படியிறக்கினார்கள். "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர அன்று அவர்களுக்குள் வேறு பேச்சில்லை.

ஆறு வருடம் கழித்துப் புதிய ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓய்வுபெற ஐந்து மாதமே இருந்த லாயிட், அது நீடித்த நாற்பத்தொரு நாளும் அவர்களோடு வாசலில் பனியில் நின்றார். கம்பெனி இறங்கி வந்தது. இன்னும் மூன்று வருடத்தில் எல்லோருக்கும் ஒரே கூலி.

வீட்டுக்கு வந்து, பூட்சைக்கூடக் கழற்றாமல் டேலுக்குப் போன் செய்து சேதி சொன்னார்.

"நல்லது லாயிட். அந்தப் பசங்களுக்கு நல்லது."

"டேல், அன்னைக்கு நான்..."

"இங்க இந்த வருஷம் மழையே இல்ல," என்றான் டேல். "புல்லெல்லாம் கருகிப்போச்சு."

"எத்தனை மாசமா?" என்று கேட்டார் லாயிட்.

பிறகு இருவரும் மழையைப் பற்றியே பேசினார்கள்.