பின் சீட்டுக் குளிர்

குளிர் தாங்கவில்லை, இனிமேல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று திங்கட்கிழமை வண்டியிலிருந்து இறங்கும்போதே மனைவி சொல்லிவிட்டாள். வாரத்துக்கு மூன்று விடியற்காலை, போக இருபது கிலோமீட்டர், நாலு மணி நேரம் டயாலிசிஸ், திரும்ப இருபது கிலோமீட்டர். இரண்டு தடவை போகாமல் விட்டால் மூச்சு முட்டும், மூன்றாவது தடவைக்கு ஆள் இருப்பது சந்தேகம் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். குளிருக்குப் பயந்து உயிரை விடுவார்களா யாராவது! ஆனாலும் சீட் கவர் தைக்கும் அவள் கணவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. கிட்னியை அவரால் ஒன்றும் பண்ண முடியாது. குளிரை ஒரு கை பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்த வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பினார். தன் பைக்குக்கு முன்னால் கண்ணாடித் தகடு மாட்டினார். கைப்பிடிகளுக்கு, உள்ளே கம்பளி வைத்த ரெக்சின் உறை. போன வாரம் விரல் மரத்து பிரேக் பிடிபடாமல் லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றதை அவளிடம் மூச்சு விடவில்லை. பின் சீட்டுக்குத்தான் நிஜமான வேலை. இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த உறையைச் சீட்டோடு சேர்த்துத் தைத்தார். ஆள் உட்கார்ந்ததும் தூக்கி நெஞ்சு வரை ஜிப்பை இழுத்துவிட்டால் காற்று புகாது.

"வண்டிக்கே போர்வையா மாஸ்டர்? தலகாணியும் வெச்சிடுங்க" என்றார் பக்கத்துக் கடை பஞ்சர்காரர்.

"வெச்சாச்சு. பின்னால பாரு." முதுகுக்கு ஸ்பாஞ்ச் வைத்திருந்தார்.

புதன்கிழமை விடிவதற்குள் நாலு உதை உதைத்து வண்டியைச் சூடாக்கி நிறுத்தினார். அவள் வந்தாள். ஏறி உட்கார்ந்தாள். அவர் உறையைத் தூக்கி ஜிப்பை இழுத்தார். துணி அவளைத் தொடவே இல்லை. உள்ளே இன்னொருத்தி உட்காரலாம் போல இடம் கிடந்தது.

"யாரு அளவுக்குத் தச்சீங்க?"

"உன் அளவுக்குத்தான்." முப்பது வருஷத்தில் அளவெடுக்காமல் ஒரு துண்டு வெட்டியதில்லை. இவளுக்கு டேப் எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருந்தார். கண்ணுக்குள் இருந்தது அவளுடைய பழைய உடம்பு. "ரோட்டப் பாத்துத்தானே ஓட்டுறேன். நீ பின்னால இருக்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "குளிரெல்லாம் இல்லீங்க. அலுத்துப்போச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது, அதான் குளிருன்னேன்."

அதற்கு எந்தத் துணியை வெட்டுவது? நின்ற இடத்திலேயே என்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அலுத்திருந்தது; அதைச் சொன்னால் பாவம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சு" என்றாள் கடைசியில். "இன்னைக்கு வரேன். வெள்ளிக்கிழமைய அப்புறம் பாக்கலாம். ஊக்கு குத்திவிடுங்க."

அவர் ஊக்கைத் தேடவில்லை; பையிலிருந்து தையல் சாக்குக்கட்டியை எடுத்தார். அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். தோளுக்குக் கீழே தொடங்கி, அவள் உடம்பை ஒட்டியே, மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டு வந்தார். கோட்டுக்கு வெளியே பாதித் துணி தொங்கியது.