புளியமரத்து இருவாச்சி

கரியாலூர் போகும் சாலையோரத்துப் புளியமரப் பொந்தில் ஒரு பெண் இருவாச்சிப் பறவை முட்டைகளோடு அடைந்திருந்தது. பொந்தின் வாயை மண்ணால் பூசி, அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. விலங்கியல் படித்த தேவிப்ரியா பைனாகுலரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோடரிகளோடு ஆட்கள் வந்தார்கள். இடஒதுக்கீடு கேட்டு அன்று மறியல். அந்தப் புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட வேண்டும்.

“இன்னாம்மா, போலீசுக்கு வேவு பாக்குறியா?” என்றான் முன்னால் வந்த சின்னராசு.

“பொந்துக்குள்ள பறவை அடைஞ்சிருக்குதுங்க. மரம் விழுந்தா செத்துடும்.”

“எங்க புள்ளைங்க படிச்சிட்டு சும்மா கெடக்குதுங்க. அதுக்கு ஒருத்தியும் வரல. பட்சிக்கு வந்துட்டா பாரு!”

கூட்டம் சிரித்தது.

“மரம் வேணாம்னா நீ ரோட்டுல குந்து. பொம்பள குந்திக்கினு இருந்தா எந்த பஸ்ஸும் ஏறாது. எழுந்தின்னா மரத்துல வெட்டு வுழும்.”

தேவிப்ரியா நடுச்சாலையில் உட்கார்ந்தாள். தார் சுட்டது. தண்ணீர் கேட்டாள், ஒருவரும் தரவில்லை. சின்னராசு கோடரியோடு மரத்தடியிலேயே நின்றான்.

மதியம் போலீஸ் லாரி வந்தது. எழச் சொல்லி அதட்டியும் அவள் அசையவில்லை. கடைசியில் அவளையும் சின்னராசையும் மற்றவர்களையும் சேர்த்து லாரியில் ஏற்றினார்கள். மரம் நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த சின்னராசு வெளியே காறித் துப்பினான்.

“நாளிக்கே வந்துடுவேன். மொத வெட்டு அந்த மரத்துக்குத்தான்.”

“நானும் வந்துடுவேன்,” என்றாள் தேவிப்ரியா.