அண்ணி தட்டிவைத்த பக்கம்

வெப்சைட்டுகளுக்குச் சட்டை தைப்பதுதான் அந்த மூன்று பேரின் பிழைப்பு. உள்ளே வரும் எழுத்தும் படமும் வாடிக்கையாளருடையவை. நிறம், எழுத்துரு, இடைவெளி எல்லாம் இவர்களுடைய கைவேலை. அதற்குத் தீம் என்று பெயர். வடிவம் போடுகிறவரைப் பிக்சல் மாமா என்பார்கள். ஒரு பொட்டு இடம் தள்ளிப்போனால் மனுஷனுக்குச் சோறு தண்ணி இறங்காது. அவர் வரைந்ததற்கு நிரல் எழுதி உயிர் கொடுப்பவள் இவள்.

முந்தின நாள்தான் தீமின் புதுப் பதிப்பை வெளியிட்டிருந்தார்கள். காலையிலேயே ஒரு வாடிக்கையாளரின் புலம்பல் வந்திருந்தது. மூன்றாமவள், சோதனை பார்க்கும் பெண், அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“அக்கா, இவரும் தீம் ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சிருக்கார். இப்ப எல்லாம் காணோமாம்.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்க மாட்டாங்களா? அப்டேட் வந்தா பழைய ஃபைல அழிச்சுட்டுப் புதுசு உக்காந்துக்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேனே!”

சொல்லி வாய் மூடவில்லை, இவளுக்கு அண்ணனின் தளம் நினைவுக்கு வந்தது. அதுவும் இதே தீம்தான்; அப்டேட் தானாகவே ஏறிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன், சாவதற்குச் சில நாள் இருக்கையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணி இவளுடைய லேப்டாப்பை வாங்கி, மகளுக்கு ஒரு கடிதம் தட்டினாள். பிள்ளைக்குப் பத்து வயது நிறைகிற அன்று அப்பாவும் மகளும் சேர்ந்து படிக்க வேண்டும், அதுவரை பக்கம் பூட்டியே இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளிடம் எதை விளக்குவது? தீம் ஃபைலையே திறந்து கொடுத்து, “இதுலயே அடிங்க அண்ணி, அப்புறம் நான் சரியா மாத்திக்கறேன்” என்றாள். அந்த அப்புறம் வரவேயில்லை. நகல் எடுக்கவும் தோன்றவில்லை. சொந்த வீட்டு வேலை என்றால் அத்தனை இளக்காரம்! அந்த லேப்டாப்பும் போன வருஷமே செத்துப்போயிற்று.

தளத்தைத் திறந்தாள். பிக்சல் மாமாவின் புது நீலம் பளிச்சென்று இருந்தது. கடிதம் இருந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. சர்வர்காரர்களைக் கூப்பிட்டாள். “நீங்க பேக்கப் போடவே இல்லையே மேடம்” என்றார்கள்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு இன்னும் நான்கே நாள். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாவி நான், பாவி நான் என்று மனசு அடித்துக்கொண்டது.



“நான் படிக்கலம்மா. பாப்பாவோட சேந்துதான் படிக்கணும்னு உங்க அண்ணி சத்தியம் வாங்கிட்டா.” அண்ணனின் குரல் கெஞ்சலாக மாறியது. “நீ பக்கத்துலயே இருந்தியே, படிச்சிருப்பியே. என்ன எழுதியிருந்தா? ஒரு வரி சொல்லு, போதும்.”

அவள் கண்ணை மூடினாள். எழுத்தின் அளவு பதினெட்டு. மொத்தம் ஏழு பத்தி. மூன்றாவது மட்டும் நீளம்; போனில் பார்த்தபோது ஓரத்தைத் தாண்டி வழிந்தது, அதைத்தான் இழுத்துப் பிடித்துச் சரிசெய்தாள். அத்தனையும் அச்சாகக் கண்முன் நின்றது. அண்ணி எழுதியதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

“அழகா இருந்துச்சுண்ணே” என்றாள்.