பாடல்: சிங்கராசா

மன்னார் நகரில் கலியாண வீடியோக்களுக்கு எழுத்துப் போடுகிறவன் நிதர்சன். மணமக்களின் பெயர்கள் இரண்டு பக்கமிருந்தும் பறந்து வந்து, நடுவில் மோதி, இதயமாக வெடிப்பது அவனுடைய கைவண்ணம். சண்டை முடிந்து ஊர் திரும்பிய சனம் தள்ளிப்போன கலியாணங்களையெல்லாம் ஒரேயடியாகச் செய்துகொண்டிருந்ததால் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த நேரம் பார்த்து நண்பன் பிரசாந்தன் குறும்படம் எடுத்தான். கதை, வசனம், இயக்கம், உடை, சாப்பாடு எல்லாம் பிரசாந்தன். எழுத்து மட்டும் நிதர்சன்.

தோட்டவெளிப் பக்கம் கரையில், ஈரமணலில் ஒவ்வொரு பெயராக விரலால் எழுதி, அலை வந்து அழிப்பதைப் படம்பிடித்தான். பிரசாந்தன் ஐந்து தடவை அழிந்தான். இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

படத்தில் ஒரு பாட்டு இருந்தது. எழுதியவர் நறுவிலிக்குளத்துச் சிங்கராசா. கடைசிச் சண்டையோடு காணாமல் போனவர். அனுமதி கேட்டுப் போனபோது அவருடைய மனைவி சிவராணி, "முதல்ல காட்டுங்கோ, பிறகு சொல்லுறன்" என்றார். மடிக்கணினியைக் கதிரையில் வைத்துக் காட்டினார்கள்.

அலை வந்து சிங்கராசாவைக் கொண்டுபோனது.

"ஏன் தம்பி, இவரைக் கடல் கொண்டுபோகுது?"

"எல்லாரையும்தானே அக்கா கொண்டுபோகுது. நான் அஞ்சு தரம் போறன்" என்றான் பிரசாந்தன்.

"நீங்கள் இந்தா முன்னால நிக்கிறீங்கள். அவரை நான் என்ர கையால பஸ்ஸில ஏத்திவிட்டனான். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு ஆமிக்காரர் சொன்னவை. கடலுக்கு அனுப்பேல்லை." மடிக்கணினியை அவர்கள் பக்கம் திருப்பி, "இப்பிடிப் போடுறதெண்டால் பாட்டுத் தரமாட்டன்" என்றார்.

தன் வீடியோக் கடைக்குத் திரும்பிய நிதர்சன் வேறு வழி தேடினான். அவனுடைய சரக்கு முழுவதும் இரண்டே வகை: கலியாணம், செத்தவீடு. பெயரை மெல்ல மங்கவிட்டால் புகைபோலப் போனது. மேலே ஏற்றினால் நேரே மோட்சம். அப்படியே உறையவைத்தால் கண்ணீர் அஞ்சலி. பெயர்களைத் திரைக்குள் கொண்டுவர நூறு வழி தெரிந்தவன், அவை வெளியே போவதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

பிரசாந்தனுக்குப் போன் எடுத்தான். "மச்சான், எடுக்கேலாமல் கிடக்குது."

"எதை?"

"பேரை. எப்பிடி எடுத்தாலும் ஆள் செத்திடுது."

"அப்ப எடுக்காத, விடு!" என்று எரிந்து விழுந்தான் பிரசாந்தன்.

நிதர்சன் எடுக்கவில்லை. மற்றப் பெயர்கள் அலையோடு வந்து போயின. 'பாடல்: சிங்கராசா' மட்டும் வெள்ளை எழுத்தில் திரையின் கீழ் மூலையில் நின்றது. படம் தொடங்கியும் நின்றது. முடியும்வரை நின்றது.

"என்னடா இது, ரீவி சனல் மாதிரி? பாட்டு எழுதினவர் படம் முழுக்க நிக்கிறார். டைரக்டர் நான் மூண்டு செக்கனில போறன்!"

"நீதானே எடுக்காத எண்டு சொன்னனீ."

பிரசாந்தன் தலையைச் சொறிந்தான். "சரி, அக்காட்டக் காட்டு."

சிவராணி பார்த்துவிட்டு, "ஓம்" என்றார்.

நறுவிலிக்குளத்துப் பொதுமண்டபத்தில் படம் போட்டார்கள். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பின்னாலிருந்து ஒருவர், "தம்பி, எழுத்து இறுகிப்போச்சு! ஒருக்காத் தட்டிவிடு!" என்று உதவிக்கு வந்தார். முன்வரிசையில் சிவராணி கதையைப் பார்க்கவேயில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பளக் காட்சி வந்தது. நடு வெயில், திரை முழுக்க உப்பு. வெள்ளைக்குள் வெள்ளை எழுத்து காணாமல் போயிற்று. எழுத்துப் போடும்போது நிதர்சன் இதைக் கவனித்திருக்கவில்லை.

சிவராணி எழுந்து நின்றார்.

"அக்கா, மறைக்குது, இருங்கோ!" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

அவர் இருக்கவில்லை. உப்பு முடிந்து பனைநிழல் வந்து, பெயர் திரும்பத் தெரிந்த பிறகுதான் கதிரையைக் கையால் தடவி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நிதர்சன் கடை திறந்ததும், அந்தப் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே மெல்லிய கறுப்பு நிழல் வைத்தான்.