பரணில் வைத்த கேமரா

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் எனக்கு இருந்தது சனி, ஞாயிறு என்று இரண்டே விடியல்.

என் மகள் சுகுணா ஒன்பதாவதுக்குப் போகிறாள். எங்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்கு ஒரே தடம்தான். அது ராசப்பன் மாமாவின் தோட்டத்துக்குள் புகுந்து மூன்று பலாமரங்களுக்கு அடியில் போகிறது. ஐந்து பெண்பிள்ளைகள் விடிந்தும் விடியாத நேரத்தில் அதில் நடந்தால்தான் ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்க முடியும். அந்த மரத்தடிக்குக் கரடி வருகிறது என்று நான் சொன்னேன். பன்றி என்று மாமா சொன்னார்.

மூன்றும் சாமிக்கு விட்ட மரங்கள். அடிமரத்தில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். ஊர்த் திருவிழாவான நோம்பி முடிகிற வரைக்கும் காயை யாரும் தொடக்கூடாது. விழுந்த பழமும் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். நோம்பிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. பழங்கள் விழுந்து வெடித்து, அந்த வாசம் ரோடு வரைக்கும் அடித்தது.

வெள்ளிக்கிழமை மாலை மாமாவிடம் போய் நின்றேன்.

“பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, கீழ கெடக்கறத மட்டுமாச்சும் பள்ளத்துப் பக்கம் தள்ளிப்புடலாமுங்க மாமா. புள்ளைங்க போற தடமுங்க.”

“நீ கரடியக் கண்ணுல பாத்தியா?”

“பீயப் பாத்தேனுங்க. அத்தனையும் பலாக்கொட்டை.”

“பன்னியுந்தான் பலாக்கொட்டை திங்கும். பீயக் கொண்டுபோயிப் பூசாரி முன்னால வெக்கச் சொல்றியா? நாலு ஊரு சாமி காரியம் மாப்ள இது.” வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்கிட்டத்தான் அந்தப் பெரிய டப்பா கெடக்குதே. கோழியையும் கோயில் கதவையுமே எத்தன நாளைக்குப் புடிப்பே? கரடியப் புடிச்சாந்து காட்டு. அப்பறம் பேசலாம்.”

அவர் கேலிக்குத்தான் சொன்னார். வீட்டுக்கு நடக்கும்போதே எனக்கு அது வேலையாகிவிட்டது.

டப்பா என்று அவர் சொன்னது என் கேமராவை. நான் பலாவும் மரவள்ளியும் லாரிக்குச் சுமக்கிறவன். முப்பத்தி மூன்று வயதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன், அதுவும் தமிழ் மட்டும். இரண்டு வருசத்துக்கு முன்னால், மிளகுப் பறிப்பு முடிந்த கையோடு, சேலத்தில் பழைய கேமரா விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடி மேல் இரண்டு டிஜிட்டல் கேமராக்களை வைத்தார். ஒன்று சின்னது, புதுசு மாதிரி மினுங்கியது, கையில் எடுத்தால் கனமே இல்லை. இன்னொன்று விளிம்பெல்லாம் தேய்ந்த பெரியது.

“சின்னதே போதுமுங்க உங்களுக்கு. பெருசு இதுலயே பழகினவங்க வாங்கறதுங்க.”

சின்னதில் எதை மாற்றுவதென்றாலும் திரைக்குள்ளே போய் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துப் படித்துத்தான் மாற்ற வேண்டும். பெரியதில் ஒவ்வொன்றுக்கும் வெளியிலேயே ஒரு பொத்தான், முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். எந்த விரலுக்கு எது என்று தெரிந்துகொண்டால் எழுத்தே வேண்டாம். கண்ணை வைத்துப் பார்த்தால் எதிர்க்கடைக்காரரின் மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்குப் பெரியதுதான் சுலபம் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். கொடுக்கும்போது ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: “மலையில மஞ்சு அதிகமுங்க. ஈரம் படாம வெச்சுக்கோங்க. கண்ணாடியில பூஞ்சை புடிச்சா அப்பறம் தூக்கிப் போட வேண்டியதுதான்.”

எங்கள் ஊரில் ஈரம் படக்கூடாத பொருளுக்கு ஒரு இடம்தான் உண்டு. அடுப்புக்கு மேலே இருக்கும் பரண். விதைத் தினை, விதைச் சாமை எல்லாம் அங்கேதான் இருக்கும். நானும் கேமராவைப் பையோடு அங்கே கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்தில் தேன் குடுவை, பலாச்சுளை வற்றல். இரண்டு மழைக்காலம் போயும் கண்ணாடியில் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை விடிகாலை பையை இறக்கினேன். பேட்டரி அளவு காட்டும் படத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. காற்றில் மரம் விழுந்து மூன்று நாளாகக் கரண்ட் இல்லை.

“ஏனுங்க, கொடுவாள எடுத்துக்கோங்க,” என்றாள் என் மனைவி மாதம்மாள்.

“ரெண்டு கையும் இதுக்கே வேணும்.”

“கரடி கிட்ட வந்தா?”

“பலாப்பழத்த உட்டுட்டு என்கிட்ட எதுக்கு வருது?”

தடத்துக்கு மேலே ஒரு பாறை. மரத்திலிருந்து முப்பது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். என்னிடம் இருந்த லென்ஸ் தூரத்தை இழுக்காது, அதற்குமேல் தள்ளி உட்கார்ந்தால் கரடி புள்ளியாகத்தான் விழும். பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இருட்டிலேயே இடது பெருவிரலால் ஐஎஸ்ஓ பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைக் கடைசி வரை திருகினேன். குறைந்த வெளிச்சத்தில் படம் எடுக்க அதைத்தான் கூட்ட வேண்டும். படத்தில் மணல் தூவின மாதிரி இருக்கும், இருந்தாலும் விழும். முழங்கைகளை முழங்காலில் ஊன்றினேன்.

கீழ்வானம் சாம்பலாகத் திரும்புகிற நேரத்தில் வந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது, துருத்தி ஊதுகிற மாதிரி. பிறகு பள்ளத்துப் புதர் அசைந்து கருப்பாக ஒன்று மரத்தடிக்கு நகர்ந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தேன். கருப்புக்குள் கருப்பு. இன்னும் ஐந்து நிமிசம் பொறுத்தால் வெளிச்சம் வந்துவிடும், அதுவரைக்கும் தின்னட்டும் என்று விட்டேன்.

அது தின்னவில்லை. ஒரு பழத்தை முகர்ந்துவிட்டு மூக்கைத் தூக்கியது. இப்படியும் அப்படியும் ஆட்டியது. பிறகு பழத்தையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் பாறையைப் பார்த்து நடந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காற்று என் முதுகிலிருந்து அதன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மனித வாடை பட்டால் ஓட வேண்டியதுதானே. இருபத்தைந்து எட்டு. இருபது எட்டு. அப்போதுதான் என் தொடையோரத்தில் இருந்த பையின் வாசம் எனக்கே அடித்தது. இரண்டு வருசப் புகை, தேன், பலாவற்றல். என் வீட்டுப் பரணையே தூக்கிவந்து அதன் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்து போயிருக்கலாம். போனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம், பேட்டரி அதுவரை தாங்காது. பொத்தானைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது, பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றதும் கேமராவே தன் நெற்றியில் இருக்கும் சின்ன விளக்கைப் போட்டது.

வீட்டுக்குள் மாதம்மாளைப் படம் பிடித்தபோது ஒருதரம் அந்த விளக்கு எரிந்தது. அதை அணைக்கிற வழி திரைக்குள்ளே, இங்கிலீஷ் எழுத்துக்குள்ளே இருந்தது. நான் தேடவே இல்லை.

வெளிச்சம் நேராக அதன் முகத்தில் விழுந்தது. இரண்டு கண்ணும் செம்புக்காசாக மின்னின. அது நின்றது. பிறகு பின்கால்களில் எழுந்தது. நெஞ்சில் வெள்ளையாக ஒரு பிறை. என் விரல் தானாக அழுத்திவிட்டது. டக் என்று கண்ணாடி உள்ளே புரளும் சத்தம், அந்த மலையில் அன்றைக்கு அதைவிடப் பெரிய சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு டக்.

கரடி உறுமிக்கொண்டு கையை ஊன்றி ஓடிவந்தது. பையைத் தூக்கி அதற்குப் பக்கவாட்டில் வீசினேன். அது திரும்பிப் பை மேல் விழுந்தது. துணி கிழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், பாறையில் உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் சறுக்கி இறங்கினேன். ஓடவில்லை.

ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது, சார்ஜர் அந்தப் பைக்குள் இருந்தது. திரையைப் போட்டேன். ஒரு படம் வெறும் இருட்டு. மற்றதில் கரடி மங்கலாக ஆடிப்போயிருந்தது, ஆனால் நெஞ்சுப் பிறை தெரிந்தது. அதன் தோளுக்குப் பின்னால் மரமும் மஞ்சள் துணியும் இருந்தன. ஒற்றைக் கோடு மினுக்மினுக்கென்று அணைந்து எரிந்தது. உடனே நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி இடுப்பு மடியில் செருகிக்கொண்டேன். சூட்டில் வைத்தால் இன்னும் கொஞ்சம் உயிர் கிடைக்கும்.

மாமா வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா, சித்த இங்க வாங்க. சீக்கிரமுங்க.”

“என்ன மாப்ள, முட்டியெல்லாம் ரத்தம்? கோழி கொத்திருச்சா?”

“இதப் பாருங்க. நிக்காது இது. உடனே பாருங்க.”

“இரு, வாயக் கொப்புளிச்சுட்டு வாரேன்.” சொம்பை எடுத்தார். கொப்புளித்தார். முகம் கழுவினார். துண்டைத் தேடினார். என் மடியில் பேட்டரி ஆறிக்கொண்டிருப்பது போலவே எனக்கு இருந்தது. ஒருவழியாக வந்து குனிந்தார். பேட்டரியைப் போட்டுத் திரையை ஏற்றினேன். கரடி வந்தது. பெரிதாக்கும் பொத்தானை இரண்டு தரம் தட்டினேன். பிறை. மஞ்சள் துணி. மாமாவின் மூச்சு என் கையில் பட்டது. அவர் விரல் நீண்டு அந்தத் துணியைத் தொடப் போனது. திரை செத்தது.

மறுபடி போட்டேன். வரவில்லை.

“பாத்தீங்கல்ல?”

மாமா செத்த திரையை விரலால் ஒருதரம் தடவினார். பிறகு நிமிர்ந்தார். “கண்ணு முன்ன மாதிரி இல்ல மாப்ள. மினுக்குன்னு ஒண்ணு வந்துச்சு, போச்சு. எரும மாதிரியும் இருந்துச்சு.”

“எரும நெஞ்சுல பெற இருக்குமாங்க மாமா?”

“உங்கிட்ட அந்தப் படம் இருக்குதா, இப்பக் காட்டறதுக்கு? இல்ல. பூசாரி கேட்டா நான் எதைக் காட்டுவேன்?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினேன். பாறைக்குப் போய்ப் பையின் மிச்சத்தைப் பொறுக்கி வந்தேன். சார்ஜரில் பல் பட்டிருந்தது. திங்கட்கிழமை லோடுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள், அதற்கு மறுநாள் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

திங்கள் விடிகாலை கொடுவாளோடு நான் முன்னால் நடந்தேன். பிள்ளைகள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். மாமா தோட்டத்து வேலியைத் தாண்டியதும் நின்றேன். ஏதோ குறைந்தது. இரண்டு அடி வைத்த பிறகுதான் தெரிந்தது, வாசம் இல்லை.

மரத்தடி கூட்டி விட்டதுபோல் கிடந்தது. ஒரு சுளை இல்லை. ராசப்பன் மாமா எண்ணெய் டின்னும் குச்சியுமாக வேரில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் பலாப்பால். எங்களைப் பார்த்ததும் டின்னை நாலு தட்டுத் தட்டினார்.

“போங்க கண்ணுகளா. பஸ் போயிரும்.”

பிள்ளைகள் கடந்து போனதும் மாமாவிடம் திரும்பினேன்.

“பூசாரி ஒத்துக்கிட்டாருங்களா மாமா?”

“டப்பாவுல பாத்தேன்னு சொன்னா ஒத்துக்குவானா அவன்?” டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நேர்ல பாத்தேன்னு சொல்லிப்புட்டேன். எந்திரிச்சு நின்னுச்சு, நெஞ்சுல பெற இருந்துச்சு, எந்தோளு ஒயரமுன்னேன். தெனமும் பள்ளத்துல கொண்டுபோயிக் கொட்டலாம்னுட்டான். சாமிக்கு முன்னால நின்னு பொய் சொல்ல வெச்சுட்டே.”

“பொய் எங்கீங்க மாமா, பாத்தீங்கல்ல.”

“நோம்பி முடியற வரைக்கும் இந்த டின்ன நாந்தான் தட்டோணும். நாளைக்கு நீ வா.” குச்சியை என் பக்கம் நீட்டினார். “பைய மட்டும் கொண்டாராதே.”